முன் அப்சோர்பர் கசிந்தால் உடனே சீல் வாங்க ஓடாதீர்கள்

மோட்டார் சைக்கிளின் முன் அப்சோர்பரில் (குழியில் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் பகுதி) ஒரே வேலையை இரண்டு தடவை செய்தவன் எழுதுகிறேன். முதல் தடவை சீலை, அதாவது எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை மாற்றி, கையைக் கழுவி, நாமே செய்துவிட்டோம் என்று வீட்டில் பெருமை பேசி, ஒன்பதாவது நாள் வேலை முடிந்து வந்து வண்டியை நிறுத்தும்போது பார்த்தால் இடது பக்கக் குழாயில் மறுபடியும் எண்ணெய் வளையம். அன்றைக்கு எனக்கு வந்த எரிச்சல் உங்களுக்கு வர வேண்டாம்.

வண்டி யமஹா ஆர்எக்ஸ்ஸெட், சித்தப்பா ஓட்டியது. சில வருஷம் அவர் வீட்டுக் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்து, அப்புறம் என் கைக்கு வந்தது. நாங்கள் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம். டவுனுக்குப் போக நல்ல தார் ரோடு, வேலைக்குப் போகச் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே செம்மண் பாதை, மழை பெய்தால் குலை ஏற்றும் லோரியின் தடம் கணுக்கால் ஆழத்துக்கு இறங்கிவிடும். இந்தப் பாதையில் ஓடும் வண்டிக்கு முதலில் போவது முன் அப்சோர்பர்தான். கீழே சொல்லும் வரிசை பழைய சாதாரண ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் அப்சோர்பர் ஜோடி) உள்ள எந்த வண்டிக்கும் ஏறக்குறைய பொருந்தும்; அளவுகளுக்கு மட்டும் உங்கள் வண்டியின் கையேட்டைப் பாருங்கள்.

பேச்சு எளிதாக இருக்க இரண்டு பெயர் வைத்துக்கொள்வோம். மேலே பளபளவென்று இருப்பது குழாய். கீழே சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு குழாயின் மேல் ஏறி இறங்கும் அலுமினியப் பகுதி கால்.

1. நோய் எது என்று முதலில் பாருங்கள்

வண்டி முன்னால் ஆடுகிறது, குழியில் 'டொக்' என்று சத்தம் வருகிறது என்றாலே பலரும் அப்சோர்பர் போச்சு என்று முடிவு செய்துவிடுகிறார்கள். பாதி நேரம் அது ஹேண்டிலுக்குக் கீழே இருக்கும் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங். சோதிப்பது சுலபம். டபுள் ஸ்டாண்டில் நிறுத்தி முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டு, இரண்டு கால்களையும் அடியில் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். இன்னொரு ஆளை ஹேண்டிலுக்கு அடியில், கழுத்துப் பகுதியில் விரல் வைக்கச் சொல்லுங்கள். அங்கே ஆட்டம் தெரிந்தால் கோன் செட். ஹேண்டிலை மெல்லத் திருப்பும்போது நடுவில் ஒரு இடத்தில் 'கடக்' என்று உட்காருகிறதா? அதுவும் கோன் செட்டின் அடையாளம்தான். கழுத்து அசையாமல், குழாய்க்கும் காலுக்கும் நடுவில் ஆட்டம் இருந்தால்தான் ஃபோர்க் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

பழைய சின்ன வண்டிகள் பலவற்றில் மாற்றக்கூடிய புஷ் (உரசலைத் தாங்கும் உள்வளையம்) கிடையாது. அலுமினியக் காலே குழாயின் மேல் உரசி உரசித் தேய்கிறது. அப்படித் தேய்ந்துவிட்டால் சீல் எத்தனை மாற்றினாலும் குழாய் உள்ளே ஆடி சீலின் உதட்டைத் தின்றுவிடும். காலையே மாற்ற வேண்டும், வேறு வழி இல்லை.

கசிவு மட்டும்தான் பிரச்சினை என்றால் ஒரு சின்ன வைத்தியம் இருக்கிறது. சில நேரம் சீல் நன்றாகவே இருக்கும், அதன் உதட்டுக்கு அடியில் செம்மண் துகள் மாட்டியிருக்கும். மேலே உள்ள தூசிச் சீலை மெல்ல நெம்பி மேலே தள்ளிவிட்டு, பழைய ஃபோட்டோ நெகட்டிவ் மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் துண்டில் ஒரு கொக்கி வெட்டி, சீலுக்கும் குழாய்க்கும் நடுவில் நுழைத்து ஒரு சுற்றுச் சுற்றி இழுங்கள். கருப்பாக அழுக்கு வரும். துடைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். செலவு சுழியம், நேரம் பத்து நிமிஷம். எனக்கு இது பலிக்கவில்லை, ஆனால் என் மாமாவின் வண்டிக்குப் பலித்தது.

2. குழாயை நகத்தால் தடவுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படித்துவிட்டுப் போவதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

முதல் தடவை நான் செய்த தப்பு இங்கேதான். சீல் கசிகிறது, ஆகவே சீல் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். இரண்டாவது தடவை மூக்குடைபட்டு நின்றபோது, டவுனில் பட்டறை வைத்திருந்து இப்போது ஓய்வில் இருக்கும் ஒரு பெரியவர் வந்து பார்த்தார். சீலை அவர் தொடக்கூட இல்லை. குழாயை வேட்டி முனையால் துடைத்து, கட்டைவிரல் நகத்தை மேலிருந்து கீழாக ஓட்டினார். ஒரு இடத்தில் நகம் தட்டி நின்றது. "தம்பி, இது அரம்டா. அரத்து மேல ரப்பர் ஓடினா என்ன ஆகும்?" என்றார். அவ்வளவுதான் பாடம்.

குரோம் பூச்சில் ஊசி முனை அளவுக்குத் துருப்புள்ளி விழுந்தால் போதும், ஒவ்வொரு குழிக்கும் அது சீலின் உதட்டைக் கீறும். நம் பக்கம் இது சீக்கிரமே வரும். மழையும் ஈரமும் ஒரு காரணம் என்றால், தோட்டத்து உரம் இன்னொரு காரணம். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் ஒருவகை உப்புதான். உர மூட்டை ஏற்றிய வண்டியின் குழாயில் அந்தத் தூசி ஒட்டி, அதன்மேல் ஈரம் பட்டால் குரோம் தாங்காது.

எங்கே தடவ வேண்டும்? சீல் ஓடும் இடம் முக்கியம். காலின் விளிம்பிலிருந்து மேலே ஒரு சாண் அளவுக்கு, நாலு பக்கமும், முக்கியமாகச் சேறு தெறிக்கும் முன்பக்கம். அதற்கும் மேலே, சீல் எட்டவே எட்டாத இடத்தில் துரு இருந்தால் விட்டுவிடுங்கள். நகம் தட்டாத வெறும் கறை என்றால் 1200 நம்பர் தண்ணீர் எமரித் தாளை எண்ணெயில் நனைத்து லேசாகத் தேய்த்தால் போதும். நகம் தட்டுகிறது, ஆனால் ஒன்றிரண்டு புள்ளிதான் என்றால் விளிம்பை எமரியால் மழுக்கி, குழியை இரண்டு டியூப் கலக்கும் எபாக்ஸி பசையால் நிரப்பி, காய்ந்ததும் சமமாகத் தேய்த்துவிடலாம். கொஞ்ச காலம் ஓடும். அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தால் குழாயை மாற்றுங்கள். என்னுடையது மூன்றாவது வகை.

3. காகிதங்கள்

ஃபோர்க் மாற்றக் காகிதம் எதற்கு என்று நானும்தான் நினைத்தேன்.

கிராண்ட் (வண்டியின் பதிவுப் பத்திரம்): சேசிஸ் நம்பரும் தயாரிப்பு வருஷமும் உள்ள பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் பல வருஷம் வந்த வண்டிகளில் ஃபோர்க் அளவு மாறியிருக்கலாம், தவுக்கே (கடை முதலாளி) முதலில் கேட்பது எந்த வருஷ மாடல் என்றுதான். கிராண்டில் இன்னும் சித்தப்பா பெயர்தான் இருக்கிறது. சாமான் வாங்க அது தடையில்லை.

ரசீது: கேட்டு வாங்குங்கள். அளவு மாறிப்போனால் ரசீதும் கிழியாத உறையும் இருந்தால்தான் மாற்றித் தருவார்கள். உறையைப் பிரித்துவிட்டால் முடிந்தது கதை, எனக்கு ஒரு தூசிச் சீல் அப்படிப் போயிருக்கும், நல்லவேளை கடைப் பையன் இரக்கப்பட்டான்.

ரோட் டேக்ஸும் இன்சூரன்சும்: வருஷக்கணக்கில் நின்ற வண்டி என்றால் இரண்டும் செத்திருக்கும். ஃபோர்க் வேலை முடிந்த கையோடு சோதனை ஓட்டம் போவீர்கள், அதற்கு முன் இரண்டையும் எடுத்துவிடுங்கள், இன்சூரன்ஸ் இல்லாமல் ரோட் டேக்ஸ் வராது. 2023 பிப்ரவரியிலிருந்து தனியார் வண்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டத் தேவையில்லை, கைப்பேசியில் ஜேபிஜேயின் (சாலைப் போக்குவரத்து இலாகா) மைஜேபிஜே செயலியிலேயே காட்டலாம்.

இன்னொன்று. ஃபோர்க் செத்தால் என்ன, வேறு வண்டியின் தலைகீழ் ஃபோர்க்கை (குழாய் கீழேயும் கால் மேலேயும் வரும் வகை) மாட்டினால் அழகாகவும் இருக்கும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஜேபிஜே அனுமதி இல்லாத மாற்றம் அது. ரோட் பிளாக்கில் மாட்டினால் சம்மன், விபத்து நடந்தால் இன்சூரன்சில் தகராறு. வேண்டாம்.

4. சாமானும் செலவும்

சீலின் அளவு மூன்று எண்களாக அதன் முகத்திலேயே அச்சிட்டிருக்கும்: உள் விட்டம், வெளி விட்டம், தடிப்பு, எல்லாம் மில்லிமீட்டரில். பழைய சீலைக் கழற்றிய பிறகு அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதுதான் பாதுகாப்பு. முன்கூட்டியே வாங்கினால் குழாயின் விட்டத்தை வெர்னியர் வைத்து அளந்துகொண்டு போங்கள்.

எனக்கு ஆன செலவை மறைக்காமல் சொல்கிறேன். உங்கள் வண்டிக்கு, உங்கள் ஊருக்கு விலை மாறும். ஓரி (கம்பெனி ஒரிஜினல்) சீல் ஒரு ஜோடி 28 வெள்ளி (ரிங்கிட்), தூசிச் சீல் ஜோடி 12, செம்பு வாஷர் இரண்டு 2, ஃபோர்க் எண்ணெய் ஒரு லிட்டர் 30, குழாய் ஜோடி 110, அலன் சாக்கெட் (அறுகோண முனைச் சாவி) 14, பிரேக் கிளீனர் ஒரு டப்பா 11. ஆக 207. இதற்கு மேல் என் அவசரத்துக்கு நான் கட்டிய அபராதம்: முதலில் வாங்கிய மலிவு சீல் 8, இரண்டாவது கசிவில் எண்ணெய் குடித்து வீணான பிரேக் பேட் 18. மொத்தம் 233 வெள்ளி. எண்ணெய் மட்டும் ஒரே போத்தல் இரண்டு தடவைக்கும் தாக்குப்பிடித்தது.

பட்டறையில் குழாயோடு சேர்த்து 250 கேட்டார்கள். அதாவது இவ்வளவு பாடுபட்டு நான் மிச்சம் பிடித்தது 17 வெள்ளி! பணம் மிச்சம் என்று யாராவது உங்களை இந்த வேலையில் இறக்கிவிட்டால் நம்பாதீர்கள். குழாய் நன்றாக இருந்து சீல் மட்டும் மாற்ற வேண்டும், வீட்டில் ஸ்பானர் செட்டும் இல்லை என்றால் பட்டறைக்கே போங்கள். எனக்குப் பிடித்திருந்தது, செய்தேன்.

தேவைப்படும் மற்றவை: ரிங் ஸ்பானர், ரப்பர் சுத்தியல், டயர் நெம்புகோல், மூக்கு நீண்ட பிளையர்ஸ், சீல் அடிக்கப் பிவிசி பைப் துண்டு, மில்லி குறியிட்ட குழந்தைப் பால் போத்தல் ஒன்று (பழையது), பழைய துணி நிறைய. கண்ணாடி, அதாவது கண்ணுக்குப் போடுவது, கட்டாயம். ஏன் என்று எட்டாவது படியில் தெரியும்.

5. எந்த நாளில் தொடங்குவது

முதல் தடவை செய்பவருக்கு முழு ஒரு நாள். இரண்டாவது தடவை எனக்கு நாலரை மணி நேரம். ஆனால் சில நேரம் பிரித்த பிறகுதான் குழாய் கெட்டது தெரியும், குழாய் உள்ளூரில் கிடைக்காது, ஈப்போவுக்குப் போக வேண்டும் அல்லது ஆன்லைனில் போட்டுக் காத்திருக்க வேண்டும், எனக்கு வர நாலு நாள் ஆனது. ஆகவே திங்கட்கிழமை வேலைக்குப் போக இந்த ஒரு வண்டிதான் என்றால் ஞாயிற்றுக்கிழமை பிரிக்காதீர்கள். எங்கள் டவுனில் சாமான் கடைகள் பல ஞாயிறு மத்தியானம் சாத்திவிடுவார்கள். சனிக்கிழமை காலை சரியான நேரம். மத்தியானத்துக்கு மேல் வரும் மழையில் திறந்த ஃபோர்க்கில் ஒரு சொட்டு விழுந்தாலும் மறுபடி கழுவ வேண்டும். தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரம் பட்டறைப் பக்கம் உதவிக்குக்கூடப் போக முடியாது, அத்தனை கூட்டம்.

6. வண்டியைத் தூக்குமுன் இறுக்கங்களை உடையுங்கள்

வண்டி தரையில் உறுதியாக நிற்கும்போதே செய்ய வேண்டியவை இவை. சக்கர அச்சின் நட்டை லேசாகத் தளர்த்துங்கள். ஹேண்டிலுக்கு அடியில் இருக்கும் மேல் பிளேட்டில் குழாயைப் பிடித்திருக்கும் போல்ட்டை முதலில் தளர்த்திவிட்டு, அப்புறம் குழாயின் உச்சி மூடியைத் தளர்த்துங்கள். கீழ்ப் பிளேட் குழாயைப் பிடித்திருப்பதால் மூடி சுலபமாக அசையும். ஃபோர்க்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மூடியைத் திருப்பப் பார்த்தால் நாள் முழுக்கத் திருப்பலாம். (சில வண்டிகளில் மூடிக்கு மரையே இருக்காது, ரப்பர் தொப்பிக்கு அடியில் கம்பி வளையம் இருக்கும், அதைப் பிறகு பார்ப்போம்.)

மூன்றாவது, காலின் அடியில் குழிக்குள் இருக்கும் அலன் போல்ட். அநேகமாக 6 அல்லது 8 மில்லிமீட்டர். எல்லாரும் மாட்டிக்கொள்வது இதில்தான். உள்ளே, ஃபோர்க்கின் துள்ளலை அடக்கும் டேம்பர் தண்டில் இது முடுக்கப்பட்டிருக்கிறது. ஸ்பிரிங் அழுத்தம் இருக்கும்வரை தண்டு பிடித்து நிற்கும், ஸ்பிரிங்கை எடுத்துவிட்டால் போல்ட்டோடு சேர்ந்து தண்டும் சுற்றும், நீங்கள் எவ்வளவு திருப்பினாலும் கழலாது. ஆகவே ஸ்பிரிங் உள்ளே இருக்கும்போதே, எண்ணெய் ஒழுகாத அளவுக்கு, கால் சுற்று மட்டும் உடைத்து வையுங்கள். வளைந்த சாதாரண அலன் சாவி போல்ட்டின் தலையை வட்டமாக்கிவிடும். சாக்கெட் வகையை வாங்குங்கள், சுத்தியலால் தட்டி முழுக்க இறக்கி, அப்புறம் திருப்புங்கள்.

இதைப் படிக்குமுன்பே ஸ்பிரிங்கை எடுத்துவிட்டீர்களா? விளக்குமாற்றுக் கட்டை ஒன்றின் முனையைக் கூராகச் சீவி, குழாய்க்குள் மேலிருந்து விட்டு, தண்டின் தலையில் அழுத்திப் பிடிக்க ஓர் ஆளை வைத்துத் திருப்புங்கள். அதற்கும் மசியாவிட்டால் பட்டறையில் காற்றுத் துப்பாக்கி வைத்து இரண்டு நொடியில் கழற்றித் தருவார்கள், ஒரு தேத்தண்ணிக் காசு கொடுத்தால் போதும்.

7. சக்கரம், பிரேக், கால்கள்

டபுள் ஸ்டாண்ட் போட்டு, எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை கொடுங்கள். பின்பக்கம் ஒரு மூட்டை அரிசியோ எதுவோ வைத்துக் கட்டினால் வண்டி முன்னால் கவிழாது. காங்கிரீட் தரையில் செய்யுங்கள், மண்தரையில் கட்டை புதைந்து சாயும்.

டிஸ்க் பிரேக் என்றால் கேலிப்பரை (பேட் இருக்கும் பகுதி) ஹோசில் தொங்கவிடாதீர்கள், கம்பி வைத்து ஹேண்டிலில் கட்டுங்கள். பேட் இரண்டுக்கும் நடுவில் ஒரு மரத்துண்டு செருகி வையுங்கள். வீட்டுப் பிள்ளை யாராவது வந்து பிரேக்கை அமுக்கினால் பிஸ்டன் வெளியே வந்துவிடும். மீட்டர் கேபிள், மட்கார்ட் எல்லாம் கழற்றிய பிறகு, குழாய் மேல் பிளேட்டுக்கு மேலே எத்தனை மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். திரும்பவும் இரண்டு பக்கமும் அதே உயரத்தில் வர வேண்டும். கீழ்ப் பிளேட் போல்ட்டைத் தளர்த்தி, காலை இடமும் வலமும் முறுக்கிக்கொண்டே கீழே இழுங்கள். துருப்பிடித்து வராவிட்டால் துரு இளக்கும் தைலம் அடித்து அரை மணி நேரம் காத்திருங்கள். பிளேட்டின் பிளவில் ஸ்குரூடிரைவரை அடித்து விரிக்கும் வேலை வேண்டாம், அது வெடித்தால் வேறு பிளேட் தேடி அலைய வேண்டும்.

இரண்டு காலையும் ஒரே நேரத்தில் பிரிக்காதீர்கள். ஒன்றை முடித்து மாட்டக்கூடிய நிலையில் வைத்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். குழப்பம் வந்தால் பிரிக்காத கால் உங்களுக்குப் பாடப்புத்தகம்.

8. எண்ணெய் வடித்துப் பிரிப்பது

கண்ணாடி போடுங்கள். மூடிக்கு அடியில் ஸ்பிரிங் அமுங்கிக் காத்திருக்கிறது. மரை மூடி என்றால் கடைசிச் சுற்றில் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே திருப்புங்கள். கம்பி வளைய வகை என்றால் ஒருவர் பெரிய ஸ்குரூடிரைவரால் மூடியைக் கீழே அமுக்க, இன்னொருவர் வளையத்தைக் கொத்தி எடுக்க வேண்டும், தனியாகச் செய்யாதீர்கள்.

ஸ்பேசர், வாஷர், ஸ்பிரிங் வரும் வரிசையைப் படம் எடுங்கள். ஸ்பிரிங்கின் ஒரு முனையில் சுருள்கள் நெருக்கமாக இருக்கும். அது மேலே இருந்ததா கீழே இருந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தலைகீழாகக் கவிழ்த்து, குழாயைப் பத்துப் பதினைந்து தடவை உள்ளும் புறமும் தள்ளினால் எண்ணெய் முழுக்க வரும். என்னுடையதில் வந்தது எண்ணெய் இல்லை, ஈயக் கலரில் சேற்றுக்குழம்பு, நாற்றம் அடுத்த வீட்டுக்கே போனது. அந்தச் சாம்பல் நிறம் தேய்ந்த அலுமினியம்.

அடி போல்ட்டை எடுத்துவிட்டுக் குழாயை உருவுங்கள். இப்போது குழாய் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள்: தடித்த கண்ணாடிப் பலகையில் வைத்து உருட்டினால், அடியில் வெளிச்சம் விட்டு விட்டுத் தெரிந்தால் வளைவு. கையேடுகள் பலவற்றில் 0.2 மில்லிமீட்டருக்கு மேல் வளைவு இருந்தால் மாற்றச் சொல்வார்கள். புதிதாக வாங்கிய குழாயையும் கடையிலேயே இப்படி உருட்டிப் பார்த்து வாங்குங்கள், தவுக்கே முகத்தைச் சுளித்தாலும் பரவாயில்லை. இரண்டு ஸ்பிரிங்கையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி உயரம் ஒன்றா என்று பாருங்கள். எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து, நன்றாகக் காய விடுங்கள்.

9. பழைய சீலை எடுப்பது

தூசிச் சீலை நெம்பி எடுத்தால் அடியில் ஒரு கம்பி வளையம். அதை எடுக்காமல் சீலை இழுத்து நான் கால் மணி நேரம் வீணாக்கினேன், சேற்றுக்கு அடியில் கண்ணுக்கே தெரியவில்லை.

சீலை நெம்பும்போது காலின் விளிம்பில் மரத்துண்டோ மடித்த துணியோ வைத்து அதன்மேல் நெம்புகோலைத் தாங்குங்கள். அலுமினியம் மென்மையானது, உள்சுவரில் ஒரு கீறல் விழுந்தால் புது சீலின் வெளிப்பக்கமாகவே எண்ணெய் கசியும். வரவில்லை என்றால் கொதிக்கும் தண்ணீரைக் காலின் மேல்பகுதியில் ஊற்றுங்கள், அலுமினியம் விரிந்து பிடி விடும்.

10. புது சீல்

எழுத்து அச்சிட்ட பக்கம் மேலே, உள்ளே ஸ்பிரிங் வளையம் தெரியும் பக்கம் எண்ணெயைப் பார்த்துக் கீழே. குழாயின் முனையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றி, ஃபோர்க் எண்ணெய் தடவி, அதன்மேல் வழுக்கிக்கொண்டு சீலை இறக்குங்கள். முனையின் கூர் விளிம்பில் உரசினால் ஓட்டுமுன்பே சீல் போய்விடும்.

அதற்கு முன்பே குழாயையும் தண்டையும் காலுக்குள் சேர்த்து, புது செம்பு வாஷரோடு அடி போல்ட்டை முடுக்கியிருக்க வேண்டும். மரையில் ஒரு சொட்டு லாக் பசை (போல்ட் தானாகத் தளராமல் பிடிப்பது). இறுக்கம் பல வண்டிகளில் 20 முதல் 23 நியூட்டன் மீட்டர், உங்கள் கையேட்டில் வேறு இருந்தால் அதுவே சரி. முறுக்க முறுக்கத் தண்டு சுற்றினால் ஸ்பிரிங்கைத் தற்காலிகமாக உள்ளே விட்டு அழுத்திப் பிடியுங்கள்.

சீலை அடித்து இறக்க, குழாயின் மேல் நுழையும் பிவிசி பைப் துண்டைப் பயன்படுத்துங்கள். பைப்பின் விளிம்பு சீலின் வெளி ஓரத்தில்தான் படவேண்டும், உதட்டில் படக்கூடாது. புது சீலின் மேல் பழைய சீலை வைத்து அடித்தால் இன்னும் நல்லது. சத்தம் மாறும்வரை நேராக அடியுங்கள். கம்பி வளையத்துக்கான பள்ளம் சுற்றிலும் முழுசாகத் தெரிந்தால் சீல் இறங்கிவிட்டது. வளையம் பள்ளத்தில் உட்கார்ந்ததை விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள்.

11. எண்ணெய்

பழைய ஆட்கள் எஞ்சின் எண்ணெயை ஊற்றுவார்கள். 20டபிள்யு50 போன்ற கெட்டி எண்ணெய் ஊற்றினால் செம்மண் பாதையின் வரிவரியான மேடுகளில் ஃபோர்க் வேலையே செய்யாது, கை மரத்துப்போகும். நான் ஊற்றியது 10டபிள்யு ஃபோர்க் எண்ணெய். பின்னால் மூட்டை ஏற்றி ஓட்டுபவர்கள் இன்னும் கெட்டியான 15டபிள்யு ஊற்றுவதுண்டு, எனக்கு அது முரடாகப் பட்டது.

அளவு கையேட்டில் மில்லியாக இருக்கும், அல்லது மேல் விளிம்பிலிருந்து எண்ணெய் மட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று இருக்கும். மட்டம் பார்ப்பதென்றால் ஸ்பிரிங் வெளியே, குழாய் முழுக்க உள்ளே அமுங்கிய நிலையில் பார்க்க வேண்டும். ஊற்றிவிட்டு மெல்ல பத்துத் தடவை ஏற்றி இறக்கினால் காற்று வெளியேறும், அப்புறம்தான் அளவு உண்மையானது. கொஞ்சம் கூட இருந்தால் நல்லதுதானே என்று ஊற்றாதீர்கள். மேலே இருக்கும் காற்று இடமும் ஒரு ஸ்பிரிங்தான். அது சுருங்கிவிட்டால் பெரிய குழியில் எண்ணெய்க்குப் போக இடமில்லாமல் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். இரண்டு காலிலும் சமமாக இருக்க வேண்டும், பால் போத்தல் அதற்குத்தான்.

12. திரும்ப மாட்டுவது

கழற்றிய வரிசையைத் திருப்பிப் போட்டால் போதும், ஆனால் இரண்டு இடத்தில் நின்று நிதானிக்க வேண்டும்.

டிரம் பிரேக் வண்டி என்றால், பிரேக் பிளேட்டில் இருக்கும் பள்ளம் காலில் இருக்கும் மேட்டில் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காராமல் அச்சை முடுக்கிவிட்டால் முதல் பிரேக்கில் பிளேட் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும், சக்கரம் பூட்டிக்கொள்ளும், நீங்கள் ஹேண்டிலுக்கு மேல் பறப்பீர்கள். டார்ச் அடித்துக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள்.

அடுத்தது இறுக்கும் வரிசை. குழாயின் உயரத்தைச் சரிபார்த்து, கீழ்ப் பிளேட்டை முடுக்கி, உச்சி மூடியை முடுக்கி, அப்புறம் மேல் பிளேட். அச்சு நட்டை முடுக்கியதும் வண்டியைத் தரையில் இறக்கி, முன்பக்கத்தை நாலைந்து தடவை அமுக்கி எழுப்புங்கள், அதற்குப் பிறகுதான் காலின் அடியில் அச்சைப் பிடிக்கும் சின்ன போல்ட்டை இறுக்குவது. முதலிலேயே இறுக்கிவிட்டால் இரண்டு காலும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நிற்கும், புது சீல் ஒரு பக்கமாகத் தேயும்.

டிஸ்க்கைப் பிரேக் கிளீனரால் துடையுங்கள். எண்ணெய் குடித்த பேடைக் கழுவி, நெருப்பில் காட்டி என்றெல்லாம் முயற்சி செய்ய வேண்டாம், 18 வெள்ளிக்காக உயிரை அடகு வைக்க முடியாது. பிரேக் லீவரை நாலு தடவை அமுக்கி அழுத்தம் வந்த பிறகே வண்டியை நகர்த்துங்கள்.

13. ஓட்டிப் பார்ப்பது

முதலில் வீட்டு வாசலில், பிரேக் பிடித்துக்கொண்டு இருபது தடவை அமுக்குங்கள். குழாயை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். புதிதாகத் தடவிய எண்ணெய் முதலில் மெல்லிசாக வரும், பயப்படாதீர்கள்; துடைத்த பிறகும் வளையமாகத் திரும்பத் திரும்ப வந்தால்தான் கவலை. அப்புறம் ஐந்து கிலோமீட்டர் தார் ரோடு, திரும்பி வந்து எல்லா நட்டையும் ஒரு சுற்று ஸ்பானர் வைத்துப் பாருங்கள். மறுநாள் ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை. என் ஒன்பதாவது நாள் கதை தெரியும் அல்லவா, பத்து நாள் தாண்டும்வரை துணி ஒன்றைச் சீட்டுக்கு அடியில் வைத்திருந்தேன்.

செம்மண் பாதையில் போய் வந்த அன்றைக்கே குழாயை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், உரம் ஏற்றிய நாளில் கண்டிப்பாக. சேறு காய்ந்த பிறகு துடைத்தால் எமரி போட்டுத் தேய்த்த மாதிரி ஆகும்.

வடித்த பழைய எண்ணெயை வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கால்வாயில் ஊற்றாதீர்கள். போத்தலில் அடைத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனால் அவர்கள் பழைய எண்ணெய் டிரம்மில் ஊற்றிக்கொள்வார்கள், போகிற போக்கில் உங்கள் வண்டியின் முன்பக்கத்தையும் ஒரு தடவை அமுக்கிப் பார்த்துச் சொல்வார்கள்.